குனிந்து செய்யும் பணியின் மகிழ்ச்சி

மருத்துவமனையில் நாள்தோறும் நடக்கும் பணிகளுள் சிலவற்றுக்குப் பெயரும் புகழும் உண்டு. அறுவை சிகிச்சையைப் பற்றி உறவினர்கள் ஊரெல்லாம் பேசுவர். மருத்துவரின் கைராசியை வாயாரப் புகழ்வர். ஆனால் பெட்பேன் எடுத்து வைப்பதும், நனைந்த விரிப்பை மாற்றுவதும், வாந்தி எடுத்தவரின் வாயைத் துடைப்பதும், நகம் வெட்டி விடுவதும், கால் கழுவி விடுவதும் எவராலும் பேசப்படுவதில்லை. அவற்றைச் செய்கிறவர்கள் திரையை இழுத்து மூடிக்கொண்டு செய்கிறார்கள். அப்பணியைப் பெறுகிறவர்களோ கண்களை மூடிக்கொள்கிறார்கள். அத்தகைய பணிகளைப் பற்றியே இவ்விதழில் எழுத விரும்புகிறோம்.

நாங்கள் இம்மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு சிறு குழு. எங்களுள் செவிலியர் உண்டு, மருந்தாளுநர் உண்டு, ஆய்வகப் பணியாளரும் அலுவலகத்தில் கணக்கு எழுதுவோரும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொண்டு, திருச்சபை நண்பர்கள் சிலரோடு ஒரு வார காலம் ஊழியப் பயணம் சென்று வருகிறோம். தொழுநோயிலிருந்து குணமடைந்த முதியோர் வாழும் ஒரு குடியிருப்பே நாங்கள் செல்லுமிடம். அங்கே நாங்கள் செய்வது பெரிய காரியம் அன்று. கால் கழுவுகிறோம், காய்ப்பைத் தேய்க்கிறோம், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறோம், துணி துவைக்கிறோம். திரும்பி வந்தபின் வார்டுகளில் உள்ளவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதில் உங்களுக்கு என்ன மகிழ்ச்சி?"

நியாயமான கேள்வி. எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். தாழ்மையான பணியில் மகிழ்ச்சி உண்டு, அது உண்மையானது. ஆனால் அது ஊர் விட்டு ஊர் செல்கிறவர்களுக்கு மட்டும் உரியதன்று. அப்பணியைச் செய்யும் எவரிடமிருந்தும் அம்மகிழ்ச்சியைக் கடமையாக எதிர்பார்க்கவும் கூடாது. அது பிறப்பதற்கு ஓய்வும் துணையும் தேவை. அவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் சுற்றியிருக்கும் நாம் எல்லோரும்.

பெரிய நோக்கமும் சிறிய வேலையும்

கிறிஸ்தவ மருத்துவப் பணியின் வரலாற்றைப் படிக்கும்போது கட்டடங்களும் ஆண்டுகளுமே முதலில் கண்ணில் படுகின்றன. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900ஆம் ஆண்டு திரும்பி வந்தார். 1902இல் வேலூரில் அவருடைய முதல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டன. இவை யாவும் நினைவுகூரத்தக்கவை. ஆயினும் அவருடைய வாரங்களின் பெரும்பகுதி வேறு விதமாகக் கழிந்தது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி, முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும், குடியாத்தம் சாலை வழியே அவர் சென்றார். சாலையோர மரத்தடிகளில் வண்டி நிற்கும். காத்திருக்கும் மக்களுக்குக் கண் கழுவுவதும், புண்ணைத் துடைத்துக் கட்டுவதும், கட்டி கீறுவதும், குழந்தைக்கு மருந்து புகட்டுவதுமே அங்கு நடந்த மருத்துவம். அடுத்த வாரம் அதே மரத்தடியில் அதே புண்ணுக்குப் புதுக்கட்டு.

கொல்லி மலையில் நடந்தது இதனினும் எளிமையானது. ஜெஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் தம்பதியர் முதல் உலகப் போருக்குச் சற்று முன் அம்மலையில் குடியேறினர். ஜெஸி பிராண்ட் முழு மருத்துவப் படிப்புப் படித்தவர் அல்லர். குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்றவர். அக்காலத்தில் மலைவாழ் மக்களை நரம்புச் சிலந்தி என்னும் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. குடிநீரோடு உடலுக்குள் செல்லும் நுண்கிருமி, ஏறக்குறைய ஓராண்டு கழித்து நீண்ட புழுவாகக் காலின் தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்துவிடும், கால் சீழ்பிடிக்கும். ஆகவே அதை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிதளவே வெளியே எடுக்க வேண்டும். ஒரே காலின் முன் பல நாட்கள் அமர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. அதனோடு, நோயுற்ற கால் தண்ணீரில் படாதபடி கிணறுகளுக்குச் சுவர் எழுப்பவும் அவர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1929இல் அவர் காய்ச்சலால் இறந்த பின்னரும் ஈவ்லின் அம்மையார் மலைமக்களை மறக்கவில்லை. அவரை அனுப்பிய சங்கம் ஓய்வளித்த பின்பு, தம் சொந்தப் பொறுப்பில் மீண்டும் மலையேறி, 1974இல் 95ஆம் வயதில் மறையும்வரை மலைகளிலேயே பணி செய்தார். நரம்புச் சிலந்தி இந்தியாவிலிருந்து அறவே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சான்றளித்தது. அச்சான்றிதழுக்குப் பின்னால் குச்சியும் பொறுமையுமாக அமர்ந்திருந்த எத்தனையோ கைகள் உண்டு.

திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. தமிழரான மருத்துவர் சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்து நாட்டவரான மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து அதை நிறுவினர். இருவரும் மணம் புரியாமல், கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, கிராம மக்களுக்கு மருத்துவம் பார்த்தனர். மக்கள் அவர்களை அழைத்த பெயர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன: ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். ஆங்கில ஆட்சி நடந்த நாளில் ஒரு வெள்ளைக்கார மருத்துவர் 'துரை' என்ற அழைப்பை விட்டுச் 'சின்னண்ணன்' ஆனார். உறவுமுறை சொல்லி அழைக்கப்படுவது எந்தப் பதவியாலும் கிடைப்பதன்று. ஒரே திண்ணையில் நெடுநாள் அமர்ந்தால்தான் அது கிடைக்கும்.

இம்மூன்று வரலாறுகளிலும் நாங்கள் காண்பது ஒன்றே. புறப்படும்போது நோக்கம் பெரியதாக இருந்தது; போய்ச் சேர்ந்தபின் கைக்குக் கிடைத்த வேலை சிறியதாக இருந்தது. சிறியதென்று அவர்கள் அதை ஒதுக்கவில்லை.

ஒரு பேசின் தண்ணீரும் 20 நிமிடமும்

எங்கள் பயணத்தில் கால் கழுவுதல் ஏன் இத்தனை முக்கியம் என்பதை விளக்க வேண்டும். கொல்லி மலைத் தம்பதியரின் மகன் பால் பிராண்ட், அறுவை மருத்துவராக 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்றே அக்காலத்தில் பெரும்பாலோர் நம்பினர். அவரும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகளின் கைகளையும் கால்களையும் நாள்தோறும் கவனித்து வந்தபோது வேறோர் உண்மை தெரிந்தது. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாததனால், சுடுகலத்தைப் பற்றிய கையும் முள் குத்திய காலும் காயத்தோடே வேலை செய்கின்றன. அக்காயங்களே முற்றி விரல்களைக் கொண்டுபோகின்றன. காயத்தைத் தடுத்தால் விரலைக் காக்கலாம். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையோடு, மென்மையான ரப்பர் செருப்புகளும் இவ்வறிவின் பயனாக வேலூரிலும், 1955இல் நிறுவப்பட்ட காரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உருவாயின.

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை உண்டு. 6 முதல் 12 மாதங்களில் நோய் குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் முன்பே அழிந்துபோன நரம்பு திரும்புவதில்லை. ஆகவே குணமடைந்தவர்களும் வாழ்நாள் முழுதும் தம் கால்களைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கால்களைச் சுமார் 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறித் தளர்ந்த காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் உலருமுன் எண்ணெய் தடவ வேண்டும். பிறகு வெடிப்பும் கொப்புளமும் உண்டா என்று உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். நாள்தோறும் செய்தால் கால் நிற்கும். விட்டுவிட்டால் புண் குழியாகி எலும்பைத் தொடும்.

முதல் ஆண்டு நாங்கள் சென்றபோது, எங்களுள் ஓர் இளைஞர் பேசினில் தண்ணீரோடு ஒரு பெரியவர் முன் அமர்ந்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே, "முதல்ல உன் முழங்கையை விட்டுப் பாரு தம்பி. சூடு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்" என்றார். கல்லை எப்படிப் பிடிப்பது, எந்த இடத்தில் அழுத்தக் கூடாது என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். பின்னர் தம் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் காட்டி, "அந்த அம்மாவுக்குக் கண்ணும் தெரியாது. அங்க போனா பேசிக்கிட்டே செய். தொட்டா தெரியாதுல்ல, குரல் கேட்டாத்தான் ஆள் இருக்குன்னு தெரியும்" என்றார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் எங்களுக்கு இப்படி ஒருவரும் கற்பித்ததில்லை. உதவி செய்ய வந்தவர் மாணவராகவும், உதவி பெற அமர்ந்தவர் ஆசிரியராகவும் அங்கே இருந்தனர்.

மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது?

பெரிய வியாழன் அன்று பல திருச்சபைகளில் கால் கழுவும் சடங்கு நடைபெறுகிறது. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவித் துண்டால் துடைத்ததை நினைவுகூரும் வழிபாடு அது. அவ்வழிபாட்டில் கழுவப்படும் கால்கள் முன்னமே வீட்டில் நன்றாகக் கழுவப்பட்டு வருகின்றன என்பதை நாம் எல்லோரும் அறிவோம். குடியிருப்பில் உள்ள கால்கள் அவ்வாறில்லை. அவற்றில் மண்ணும் சீழும் உண்டு, மணமும் உண்டு. முதல் ஐந்து நிமிடம் மனம் சுருங்குவது இயல்பே. பிறகு கவனம் முழுவதும் காலில் சென்று தங்குகிறது. எங்கே வெடித்திருக்கிறது, எங்கே சிவந்திருக்கிறது, நேற்றைய புண் இன்று எப்படி இருக்கிறது என்று கண் தேடத் தொடங்குகிறது. அப்போது நம்மைப் பற்றிய எண்ணம் சிறிது நேரம் விலகி நிற்கிறது. நம்மை மறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதே அம்மகிழ்ச்சியின் தொடக்கம் என்று எண்ணுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் அன்றாட வேலைகள் பெரும்பாலும் முடிவதில்லை. கணக்கு அடுத்த மாதத்துக்குத் தொடர்கிறது, கோப்பு அடுத்த மேசைக்குச் செல்கிறது. ஆனால் கழுவிய கால் கழுவியதுதான். எண்ணெய் தடவிய உள்ளங்கால் விளக்கொளியில் மின்னுகிறது. அதன் உடையவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நடக்கிறார். யாருக்காகச் செய்தோம், என்ன பயன் விளைந்தது என்பவை இரண்டும் நம் கண்முன் நிற்கின்றன.

மூன்றாவது காரணமே ஆழமானது. தொழுநோயால் பாதிக்கப்பட்ட அப்பெரியவர்களுள் பலர், நோய் வந்த நாளில் குடும்பத்தை இழந்தவர்கள். நம் நாட்டில் மணமுறிவு கோருவதற்குச் சட்டம் ஏற்கும் காரணமாகத் தொழுநோய் 2019 வரை இருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் பட்டது ஒருவாறு விளங்கும். பல ஆண்டுகள் எவராலும் தொடப்படாத ஒருவரைத் தொடும்போது, தொடுகிறவரும் எதையோ திரும்பப் பெறுகிறார். குனிந்திருப்பவரின் முகமும் அமர்ந்திருப்பவரின் முகமும் அருகருகே வருகின்றன. ஊர் எது, பிள்ளைகள் உண்டா, அந்தக் காலத்தில் என்ன பயிர் வைத்தீர்கள் என்று பேச்சு வளர்கிறது. 20 நிமிடத்தில் அவர் 'நோயாளி' என்னும் சொல்லிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்.

பயணத்துக்குச் சில நிபந்தனைகள்

இவ்வளவும் கூறிய பின், இத்தகைய பயணங்களைப் பற்றிய ஓர் எச்சரிக்கையையும் கூறியாக வேண்டும். சேவையில் கிடைக்கும் மகிழ்ச்சி இனிப்பானது. ஆகவே அதற்காகவே சேவையைத் தேடிச் செல்லும் ஆசையும் உண்டாகும். அப்போது துன்பப்படுகிறவர் நம் மகிழ்ச்சிக்குக் கருவியாகிவிடுகிறார். அது தாழ்மை அன்று. தாழ்மையின் உடையை உடுத்திய பெருமை.

ஆகவே எங்களுக்குள் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டிருக்கிறோம். முதலாவது, அங்கேயே தங்கிப் பணிசெய்வோர் அழைத்தால்தான் செல்கிறோம்; அவர்கள் சொல்லும் வேலையையே செய்கிறோம். சுவருக்கு வண்ணம் பூச ஆசைப்பட்டுச் சென்றவரிடம் அவர்கள் கழிவறை கழுவச் சொன்னால், கழிவறையே அன்றைய ஊழியம். இரண்டாவது, ஒருவர் காலைக் கழுவும்போது படம் எடுப்பதில்லை. புண்ணோடிருக்கும் கால் ஒருவருடைய உடல். அது நம் பயணத்தின் நினைவுச்சின்னம் அன்று. மூன்றாவது, அதே இடத்துக்கே மீண்டும் செல்கிறோம். ஆண்டுதோறும் புதிய ஊர் தேடுவதைவிட, அறிந்த மனிதரிடம் திரும்பிச் செல்வது கடினம். போன ஆண்டு பேசிக்கொண்டிருந்தவரின் கட்டில் இந்த ஆண்டு வெறுமையாக இருக்கும். அவ்வெறுமையையும் தாங்குவதே உறவு.

நான்காவது ஒழுங்கை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். நாங்கள் செல்வது எங்கள் விசுவாசத்தால் உந்தப்பட்டு, அதை மறைப்பதில்லை. கேட்டவருக்குச் சொல்கிறோம், செபிக்கச் சொன்னவரோடு செபிக்கிறோம். ஆனால் மருந்துக்கும் கட்டுக்கும் விலையாக எவருடைய நம்பிக்கையையும் கேட்பதில்லை. படுக்கையிலிருக்கும் மனிதர் எழுந்து போக முடியாதவர். எழுந்து போக முடியாதவரிடம் நம் கருத்தைத் திணிப்பது அன்பாகாது. கழுவிய காலுக்குக் கைம்மாறு எதிர்பார்க்கும் நொடியில் அப்பணி வியாபாரமாகிவிடுகிறது. இவ்விதழைப் படிக்கும் உங்களுள் பல சமயத்தவரும் உண்டு, எச்சமயமும் சாராதவரும் உண்டு. உங்கள் எல்லோருக்கும் இங்கே கிடைக்க வேண்டிய கவனிப்பு ஒன்றே.

பயணம் போகாதவர்களின் பணி

இப்போது, படுக்கையருகே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் வருகிறோம். நீங்கள் எந்தப் பயணமும் போகவில்லை. உங்களை வழியனுப்ப எவரும் செபக் கூட்டம் நடத்தவில்லை. ஆனால் நாங்கள் ஒரு வாரம் செய்வதை நீங்கள் ஓராண்டாகச் செய்துவருகிறீர்கள். பக்கவாதத்தில் விழுந்த தந்தைக்கு டயப்பர் மாற்றுகிறீர்கள்; புற்றுநோயோடு போராடும் மனைவிக்குக் கஞ்சி ஊட்டுகிறீர்கள்; காலை இழந்த அண்ணனைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுசெல்கிறீர்கள்.

எங்கள் பணிக்கும் உங்கள் பணிக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எட்டாம் நாள் நாங்கள் ஊர் திரும்பிவிடுகிறோம். வீட்டில் வெந்நீரில் குளித்து, நன்றாக உறங்கி எழுகிறோம். களைத்தால் மாற்றிவிட இன்னொருவர் பக்கத்தில் இருக்கிறார். எங்கள் மகிழ்ச்சியில் ஒரு பாதி அவ்வேலையிலிருந்து வருகிறது. மறு பாதி அவ்வேலைக்கு ஒரு முடிவு இருப்பதிலிருந்து வருகிறது. இதை மறைத்துவிட்டு, "நாங்கள் மகிழ்ச்சியோடு செய்கிறோம், நீங்கள் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?" என்று எவரேனும் கேட்டால், அது பெருங்கொடுமை.

இரவு மூன்று மணிக்கு மீண்டும் அழைக்கப்படும்போது எரிச்சல் வருவதால் உங்கள் அன்பு பொய்யாகிவிடாது. 'இது எப்போது முடியும்?' என்ற நினைப்பு வந்து, உடனே குற்ற உணர்ச்சி உங்களைக் குத்துவதையும் அறிவோம். எங்கள் வார்டுகளில் ஏறக்குறைய எல்லாத் துணையாளரும் என்றேனும் இதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். களைத்த உடலின் முனகல் அது. மகிழ்ச்சி வரவில்லையே என்று மேலும் வருந்த வேண்டாம். நன்றாக உறங்கிய மறுநாள் அதே வேலை சற்று வேறாகத் தோன்றுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை உங்களிடம் அன்று, உங்களைச் சுற்றியிருப்போரிடம். பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வரும் சித்தப்பாக்களே, அத்தைகளே, பங்கு மக்களே, அலுவலக நண்பர்களே! நோயாளியின் தலைமாட்டில் நின்று, "எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறிவிட்டு அரை மணி நேரத்தில் புறப்படுவதைவிட, அந்த நாற்காலியை இரண்டு மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். "நீ போய்க் குளித்துச் சாப்பிட்டு வாம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்றால், எப்படிப் புரட்டுவது என்று செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஊழியப் பயணம் போக விரும்பும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறோம்: உங்கள் தெருவில் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு முதலில் ஒரு மாதம் துணையிருந்து பாருங்கள். அதன்பின் பெட்டி கட்டலாம்.

துணையிருக்கும் உங்களுக்கும் ஒரு நடைமுறைக் குறிப்பு. உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், குடியிருப்பில் நாங்கள் கற்ற கால் பராமரிப்பில் ஒரு பகுதி உங்களுக்கும் உதவும். நீரிழிவிலும் காலின் உணர்ச்சி குறையக்கூடும். நாள்தோறும் ஒருமுறை உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் சோதித்த பிறகே காலில் ஊற்றுங்கள். நீரிழிவு உள்ளவர் நெடுநேரம் காலை ஊறவைப்பது நல்லதன்று; கழுவியதும் விரலிடுக்குகளை நன்றாகத் துடையுங்கள்; எண்ணெயை அவ்விடுக்குகளில் தடவாதீர்கள். காய்ப்பை வீட்டில் பிளேடால் வெட்டாதீர்கள். சிறு புண் கண்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் ஒரு காலைக் காப்பாற்றக்கூடும்.

பணியைப் பெறுகிறவர்களுக்கு

இறுதியாக, கட்டிலில் படுத்திருக்கும் உங்களுக்கு. பணி செய்வதைவிடப் பணியைப் பெறுவதே கடினம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நேற்றுவரை வீட்டைத் தாங்கிய உங்களுக்கு, இன்று மகன் வந்து உடல் துடைத்து விடுவதைப் பொறுத்துக்கொள்வது எளிதன்று. "பாரமாகிவிட்டேனே" என்று பலர் எங்களிடம் கூறியிருக்கிறார்கள். இயேசு கால் கழுவ வந்தபோது பேதுருவும் முதலில் மறுத்தார் என்பதை அவ்வரலாற்றைப் படித்தோர் அறிவர். குனிவதற்கு ஒரு தாழ்மை வேண்டும். காலை நீட்டுவதற்கும் ஒரு தாழ்மை வேண்டும்.

மருத்துவர் மேரி வர்கீஸின் வாழ்க்கை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கொச்சிப் பகுதியில் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற அவர், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பிறருக்குச் சிகிச்சை அளித்தவர், தம் உடலைப் புரட்டவும் பிறர் கைகளை நாடியிருக்க நேர்ந்தது. பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே வழிகாட்டியாக இருந்தார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. முதுகெலும்பு முறிந்து அங்கு வந்தவர்களை, அவர்களைப் போலவே நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு மருத்துவரே வரவேற்றார். பிறர் கையால் தூக்கப்பட்ட அனுபவம் அவருடைய மருத்துவத்தின் ஒரு பகுதியாயிற்று.

எல்லோரும் மேரி வர்கீஸ் ஆக வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து எழாமலே செய்யக்கூடியவை உண்டு. "சூடு சரியாக இருக்கிறதா பார்" என்று சொல்லிக் கொடுத்த அப்பெரியவரைப் போல, உங்களுக்குப் பணி செய்பவருக்கு வழி சொல்லுங்கள். எந்தப் பக்கம் வலிக்கிறது, எப்படிப் பிடித்தால் சுகமாக இருக்கிறது என்பதை வாய்விட்டுக் கூறுங்கள், ஊகிக்க விட்டுவிடாதீர்கள். உங்களைத் துடைத்து விடும் பெண்ணின் பெயரைக் கேட்டு, அப்பெயரைச் சொல்லி அழையுங்கள். வார்டைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவிடம் அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். நாள் முழுதும் எவரும் அவரைக் கேட்காத கேள்வியாக அது இருக்கலாம்.

இந்த ஆண்டும் நாங்கள் பயணம் புறப்படுகிறோம். ஆனால் இம்முறை எங்கள் குழுவில் ஓர் ஏற்பாட்டை முடிவு செய்திருக்கிறோம். திரும்பி வந்த பின் ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பணி முடிந்தபின், இங்குள்ள வார்டுகளில் துணையாளர் ஒருவருக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் அமர்வோம். உங்களுக்கு அது தேவையென்றால் உங்கள் வார்டுச் செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பெட்பேன் வைக்கவும், கால் கழுவவும், பேச்சுத்துணையாக இருக்கவும் எங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய கடமை ஒன்றே: போய் உறங்குங்கள்.